பணம் தடையில்லை என்றால் எந்த டைவ் கம்ப்யூட்டர்?

ஸ்கூபா முக்குளிப்பில் இறங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றி இன்று பேசுகிறேன். இதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்ச ரூபாயைத் தாண்டியும் போகிறது. "விலை பற்றிக் கவலையில்லை, இருப்பதில் நல்லதைக் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால், வசதிகள் மிகுந்த ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். திசைகாட்டி, சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் கம்பியில்லாமல் காட்டும் வசதி, இதயத்துடிப்பு, வண்ண வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். கையில் பணம் உள்ளவர் வசதிகளை எண்ணிப் பார்த்து வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கருவி எந்தக் கணக்கைப் போடுகிறது, அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததா, அது எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை நானே தீர்மானிக்க முடியுமா?

இந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்பதற்குக் கொஞ்சம் அடிப்படை பார்க்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் உடல் மேல் இன்னொரு வளிமண்டல அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழ்களாக வெளிப்பட்டு மூட்டுவலியில் தொடங்கி முடக்கம் வரை கொண்டுபோகும். முக்குளிப்பவர்கள் பெண்ட்ஸ் என்று சொல்லும் நோய் அது. உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த ஆய்வுகளை 1908-இல் தன் சகாக்களோடு வெளியிட்டார். உடலை ஐந்து கற்பனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைட்ரஜன் ஏறி இறங்கும் என்று அவர் கணக்கிட்டார். பின்னாளில் சூரிக் நகரில் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் அதைப் பதினாறு பகுதிகளாக விரித்தார். அவற்றில் மிக மெதுவான பகுதியில் நைட்ரஜன் பாதி அளவுக்கு ஏறவோ இறங்கவோ 635 நிமிடம் பிடிக்கும். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை இந்த மரபில் வந்தவைதான். அவை உண்மையில் அளப்பது கடல்நீரின் அழுத்தத்தையும் கடந்த நேரத்தையும். கூடவே நீரின் வெப்பநிலையும் பதிவாகும். உங்கள் திசுக்களில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். லட்ச ரூபாய்க் கருவிக்கும் இதே நிலைதான்.

ஊகம் என்பதால் கணக்குக்குக் கணக்கு விடை மாறுகிறது. கணினி இல்லாமல் பயன்படுத்தும் அட்டவணைகளிலேயே இதைப் பார்க்கலாம். 18 மீட்டர் ஆழத்தில், வழியில் நிற்காமல் நேரே மேலேறக்கூடிய நேரம் முக்குளிப்புப் பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் அட்டவணையில் 56 நிமிடம், அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையில் 60. 30 மீட்டரில் அது 20-ம் 25-ம் ஆகிறது. இரண்டுமே சோதனைகளின் மேல் எழுந்தவை. எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதில் மட்டும் இரு தரப்பாரும் வேறு வேறு இடத்தில் கோடு கிழித்தார்கள். மணிக்கட்டில் ஒளிரும் எண்ணும் அப்படி யாரோ கிழித்த கோடுதான். அதைக் கிழித்தவர் யார், எங்கே கிழித்தார் என்று தெரியாமல் அதன்மேல் உயிரை வைப்பது சரியில்லை. கனடாவின் ஷியர்வாட்டர் நிறுவனத்துக் கருவிகள் இதற்கு நல்ல உதாரணம். பூல்மான் கணக்கையே அவை வெளிப்படையாகப் பயன்படுத்துகின்றன. கண்டிப்பின் அளவை 45/95, 40/85, 35/75 என்று எண்களாகவே நம் முன் வைக்கின்றன. முதல் எண், எவ்வளவு ஆழத்தில் முதல் நிறுத்தம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, மேற்பரப்பை எட்டும்போது பூல்மான் வகுத்த எல்லைக்கு எத்தனை சதவீதம் நெருங்கலாம் என்பதைச் சொல்கிறது. கார்மின் டிசென்ட் வகையும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

வெளிப்படையான கணக்கு என்பதாலேயே அது சரியான கணக்கு ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் அது தவறென்று தெரிய வரும்போது திருத்திக்கொள்ள வழி இருக்கும். ஒரு காலத்தில், மிக ஆழத்திலேயே நின்று நின்று ஏறினால் குமிழ்கள் உருவாகும் முன்பே அடக்கிவிடலாம் என்று பலரும் நம்பினார்கள். 2011-இல் அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு இதை நேரடியாகச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 52 மீட்டர் அழுத்தத்தில் 30 நிமிடம் இருந்தவர்கள் இரண்டு முறைகளில் மேலேற்றப்பட்டார்கள். இரண்டுக்கும் மொத்த நேரம் ஒன்றுதான். ஒவ்வொரு முறையிலும் 200-க்குச் சற்றுக் குறைவான இறக்கங்கள். ஆழம் குறைந்த இடத்தில் அதிகம் நின்ற முறையில் மூவருக்கு பெண்ட்ஸ் வந்தது. ஆழத்தில் அதிகம் நின்ற முறையில் குறைந்தது பத்துப் பேருக்கு வந்தது. இதைப் படித்தவர்களில், திருத்தக்கூடிய கருவி வைத்திருந்தவர்கள் அந்த முதல் எண்ணை உயர்த்திக்கொண்டார்கள். வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கணக்கைப் பூட்டி வைத்த கருவியை வாங்கியவர்கள், தயாரித்தவர் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பூட்டிய கணக்கில் பிழை நுழைந்தால் நிலைமை இன்னும் மோசம். 1990-களின் நடுவில் வந்த ஒரு கணினி, நைட்ராக்ஸ் என்ற ஆக்சிஜன் மிகுந்த கலவைக்கானது, இரண்டு இறக்கங்களுக்கு இடையே படகில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் ஆள் அந்தக் கலவையையே சுவாசிப்பதாகக் கணக்கிட்டது. இதனால் உடலில் இருந்த நைட்ரஜனைக் குறைத்துக் காட்டி, அடுத்த இறக்கத்துக்கு அதிக நேரம் கொடுத்தது. பல ஆண்டுகள் கழித்து, 2003-இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது.

புதிதாகக் கற்பவருக்கு இந்த எண்கள் எல்லாம் தலைவலிதானே, கைவைக்க முடியாத கருவிதானே அவருக்குப் பாதுகாப்பு என்பது நியாயமான மறுப்பு. வாடகைக் கருவிக்கு அதை நான் ஒப்புக்கொள்வேன். சொந்தமாக வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகிறவர், தொடக்கத்தில் 35/75-இல் வைத்துவிட்டுத் தொடாமலே இருக்கலாம். புரிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு மறுப்பும் உண்டு. சில உயர்விலைக் கருவிகள் இதயத்துடிப்பையும் மூச்சின் வேகத்தையும் கணக்கில் சேர்க்கின்றனவே, அவை உடலை அறிந்தவை அல்லவா? கடும் உழைப்பு நைட்ரஜன் ஏறுவதைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறப்பிலிருந்தே மூடாத ஒரு சிறு துளை இருக்கிறது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழ்கள் அதன் வழியே நேராக மூளைக்குப் போய்விடலாம். மணிக்கட்டுக் கருவி அதை எப்படிக் காணும்? முந்தின இரவு சரியாகத் தூங்காததையும், வெயிலில் உடல் நீர் வற்றியிருப்பதையும் அது அறியாது. இதயத்துடிப்பைப் பார்த்துத் தானே கணக்கை மாற்றும் கருவியைவிட, களைப்பான நாளில் நானே கண்டிப்பைக் கூட்டிக்கொள்ளும் கருவியையே நான் பெரிதாக மதிப்பேன்.

பிறகு பணத்தை எதில் போடுவது? மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலை எண்ணிப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது; பொழுதுபோக்கு முக்குளிப்பின் 40 மீட்டர் எல்லையைத் தாண்டிய ஆழம். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கே உரிய இடம். 20 நிமிடம் அங்கே இருந்தாலும் நின்று நின்றுதான் மேலே வர முடியும். காற்றைச் சுவாசித்துக்கொண்டு அந்த ஆழத்தில் இருப்பவருக்கு நைட்ரஜன் மயக்கத்தில் புத்தி மந்தமாகும். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஆழம், நேரம், அடுத்து எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற எண்கள். அவை பெரிதாக, ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பொத்தானைத் தட்டி அடுத்த பக்கம் போய்த் தேடும்படி இருக்கக் கூடாது. நல்ல திரைக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மின்கலமும் அப்படியே. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண ஏஏ பேட்டரியைப் போட்டு ஓட்டக்கூடிய ஷியர்வாட்டரின் பெர்டிக்ஸ் போன்ற கருவி, கரண்ட் நிலையில்லாத படகுத்துறைகளில் சார்ஜரை நம்பியிருக்கும் அழகான கைக்கடிகாரத்தைவிட மேல். சிலிண்டர் காற்றைக் காட்டும் வசதி பயனுள்ளதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் குழாயில் தொங்கும் பழைய அழுத்தமானியைக் கழற்றிவிட வேண்டாம்.

மிச்சப் பணத்தில் அதே கணக்கைப் போடும் இரண்டாவது கருவி ஒன்றை வாங்குங்கள். இரண்டிலும் ஒரே கண்டிப்பு எண்களை வைத்து, ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டையும் கட்டிக்கொண்டே இறங்குங்கள். மேலே படகில் விட்டுவிட்டு வந்த கருவிக்கு நீங்கள் எவ்வளவு ஆழம் போனீர்கள் என்பது தெரியாது. அவசரத்தில் அது பயன்படாது. இரண்டும் வேறு வேறு எண் காட்டினால், அதிக நேரம் நிற்கச் சொல்வது எதுவோ அதன்படியே மேலேறுங்கள்.