ஒளிக்கும் உண்டு தள்ளும் விசை

(திருவந்திபுரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள், இரண்டாவது ஒளியியல். முதலாவதை முடித்து மூடிவைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குகிறோம். நடுவில் ஒரு கதவு இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பையன் கேட்டான்: "ஓட்டு இடுக்கு வழியா வெயில் விழும்போது தூசி ஆடுதே, வெளிச்சம் தள்ளுறதாலயா சார்?" வகுப்பே சிரித்தது. அந்தத் தூசியை ஆட்டுவது காற்றோட்டம்தான். ஆனால் ஒளி தள்ளுமா என்பது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. ஒளிக்கு நிறை கிடையாது, உந்தம் உண்டு. உந்தம் மாறினால் விசை பிறக்கும். இது முதல் பாடத்திலேயே இருக்கிறது.

விசை எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். ஒளியின் திறனை அதன் வேகத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. 1 மில்லிவாட் லேசர் பேனா என்றால் சுமார் 3.3 × 10⁻¹² நியூட்டன். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளியின் எடை சுமார் 5 × 10⁻¹⁵ நியூட்டன்தான். அந்த ஒளி முழுவதும் அதன்மேல் பட்டு உட்கவரப்பட்டால், தள்ளும் விசை எடையைப்போல அறுநூறு மடங்குக்கும் மேல்! சிறியவற்றின் உலகில் ஒளி பெரிய பலசாலி.

தள்ளுவது சரி, பிடித்து நிறுத்துவது எப்படி? கோலி சோடா புட்டியின் குண்டு ஒன்று போதும். இருட்டறையில் ஊதுபத்திப் புகையிட்டு, லேசர் கதிரைக் குண்டின் இடப்பக்கம் படவிடுங்கள். கதிர் வலப்பக்கம் திரும்பி வெளியேறும். குண்டு கதிரை வலப்பக்கம் திருப்பியது என்றால், மூன்றாம் விதிப்படி கதிர் குண்டை இடப்பக்கம் தள்ளியாக வேண்டும். கதிர் இருப்பதும் அந்தப் பக்கம்தானே! விலகிப்போகிற குண்டை ஒளி தன்னிடமே இழுத்துக்கொள்கிறது. கோலி கனமானது, அசையாது. மைக்ரோமீட்டர் குண்டு அசையும். கதிரை வில்லையால் மிகக் கூர்மையாகக் குவித்தால் முன்னும் பின்னும்கூட நகராமல் நிற்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க நாம் வைத்திருக்கும் இடுக்கியைப் போல, இது ஒளி இடுக்கி.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970இல் நுண்குண்டுகளை லேசரால் தள்ளிக் காட்டினார். 1986இல் ஒற்றைக் கதிராலேயே பிடித்து நிறுத்தினார். மறு ஆண்டு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். பச்சை லேசரில் அது செத்தது, அகச்சிவப்புக்கு மாறியதும் பிழைத்தது. 2018இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தபோது வயது 96.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அதே 2018இல், இங்கிருந்து ஓர் இரவுப் பயணத்தில் போய்விடக்கூடிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷும் சௌவிக் கோஷும் இன்னொன்று செய்தார்கள். திருகாணி வடிவில் நுண்ணிய ரோபோக்கள். சுழலும் காந்தப்புலத்தில் அவை திரவத்துக்குள் துளைத்துக்கொண்டு நகரும். அவற்றில் வெள்ளித் துகள்கள் உண்டு. ஒளி பட்டால் வெள்ளியருகே ஒளிப்புலம் செறிந்து, பக்கத்தில் வரும் நுண்துகளைப் பிடித்துக்கொள்ளும். ரோபோ சுமந்துபோய் வேண்டிய இடத்தில் விடும். பாக்டீரியாவையும் இப்படிச் சுமந்தது. அடுத்த ஆண்டு காந்தத்தையும் விட்டுவிட்டு, வெள்ளித் தட்டு ஒட்டிய கண்ணாடி நுண்கோலை லேசராலேயே நகர்த்தினார்கள்.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்பும் வெள்ளியுமாய் இறக்கைகள் சுழலும் குரூக்ஸ் கருவியைக் காட்டி, ஒளி தள்ளுவதற்குச் சான்று என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது தவறு. ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பக்கத்துக்குத்தான் ஏறக்குறைய இரட்டிப்பு விசை, ஆகவே அந்தப் பக்கம் பின்வாங்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு, கறுப்புப் பக்கம் பின்வாங்குகிறது. குமிழில் மிஞ்சியிருக்கும் காற்று சூடேறுவதன் விளைவு அது. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லவிட்டால், நம் விளக்கத்தையே அவர்கள் சோதித்துவிடுவார்கள். நல்லதுதான்.

தேர்வுக்கு வருமா என்று கேட்பீர்கள். வராது. பத்து நிமிடம் ஆகும். லேசரைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு குண்டு கொண்டுவந்திருக்கிறேன், சன்னலைச் சாத்தினால் இப்போதே பார்த்துவிடலாம்.