லியோன் நகரில் ஒரு கோடை

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ரயிலேறிப் பாட்டி வீடு செல்வதே வழக்கம். சென்ற ஆண்டு எங்கள் வழி மாறிற்று. மகன் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி விடுதிக்குப் புறப்பட இருந்தான். மகளுக்கு வயது பதினான்கு. நால்வரும் கூடியிருக்கும் கோடை இனி எளிதில் வாய்க்காது என்றெண்ணி, பல்லாண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு பிரான்சு செல்லத் துணிந்தோம்.

நான் வகுத்த முதல் திட்டத்தில் ஒன்பது நாட்களுக்கு ஐந்து நகரங்கள் இருந்தன. "அப்பா, இதில் நாம் எப்போது உட்காருவோம்?" என்றாள் மகள். மகனோ, "நீங்கள் மூவரும் போய் வாருங்கள்" என்றான். அச்சொல் என்னைத் தைத்தது. தாளைக் கிழித்தெறிந்து பென்சிலைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன். ஒரே நகரம்; செலவு இவ்வளவு; காலை வேளை பெற்றோருக்கு, மாலை வேளை அவர்களுக்கு. நிபந்தனைகள் இவ்வளவே.

அவர்கள் தேர்ந்தது லியோன். பாரிசிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணிப் பயணம். சினிமா பார்த்தே வளர்ந்த நமக்கு அவ்வூர் ஒரு வகையில் தாய்வீடு. லூமியேர் சகோதரர்கள் தம் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளிவருவதை 1895இல் படம் பிடித்தது அங்கேதான். அத்தெருவுக்கு 'முதல் படத் தெரு' என்றே பெயர். அவர்கள் குடும்ப மாளிகை இன்று அருங்காட்சியகம்.

குருவா ரூஸ் என்னும் மேட்டுப் பகுதி பட்டு நெசவாளர் வாழ்ந்த இடம். உயரமான தறிகளுக்காகவே அங்கு வீட்டுக் கூரைகளை உயர்த்திக் கட்டினர். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறி, 1804இல் அந்நகரில் உருவாயிற்று. காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் தொங்கும் அட்டைகள் அதன் வழிவந்தவையே. கணிப்பொறி படிக்கவிருந்த மகன், அவ்வட்டைகளின் முன் நெடுநேரம் நின்றான். பாபேஜ் தமது கணக்கு இயந்திரத்திற்கு அட்டைகளை எடுத்துக்கொண்டது இத்தறியிலிருந்தே என்று அவன் எனக்கு விளக்கினான். நெடுநாளைக்குப் பின் அவன் என்னிடம் நீண்டு பேசியது அன்றுதான்.

வீடுகளின் ஊடே தெருவிலிருந்து தெருவுக்குப் புகும் நடைவழிகளும் அங்கு உண்டு. மக்கள் குடியிருக்கும் இடமாதலால் ஓசையின்றிச் செல்லவேண்டும்.

புறப்பாட்டு ஏற்பாடுகளைப் பற்றிச் சில சொற்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையலாகாது. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் முழுக் கட்டணமே. முப்பதாயிரம் யூரோ வரை ஈடு செய்யும் மருத்துவக் காப்பீடு வேண்டும். ஜூன் மாதமே உகந்தது. ஆகஸ்டில் சிறு கடைகளும் உணவகங்களும் பல அடைத்துக் கிடக்கும். லியோனிலும் வெயில் கடுமைதான். மின்விசிறி உண்டா என்று வீட்டுக்காரரை முன்னரே கேட்டுவிடுங்கள். அவ்வூர்ச் சமையல் புலாலையே பெரிதும் நம்பியது. ஆகவே அடுப்புள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அரிசியும் தயிரும் எளிதில் கிடைத்தன. பெருங்காயத்தைப் பெட்டியில் வைக்க மறந்தது என் பிழை.

ஜூன் 21 அன்று பிரான்சு முழுவதும் தெருவெங்கும் இசை. 1982இல் தொடங்கிய விழா அது, கட்டணமில்லை. பிள்ளைகள் தாங்களாகவே சுற்றிவர விரும்பினர். தாய் மனம் ஒப்பவில்லை, எனக்கும் அச்சமே. ஆயினும் மாலை வேளை அவர்களுடையது என்பது வாக்கு அல்லவா? பெல்கூர் சதுக்கத்தில் பதினான்காம் லூயி மன்னரின் குதிரைச் சிலை உண்டு. 'குதிரை வாலடியில் சந்திப்போம்' என்பது அவ்வூர் வழக்கு. இரவு பத்து மணிக்கு அங்கே வரச்சொன்னோம். ஜூனில் அங்கு அப்போதுதான் இருட்டத் தொடங்கும்.

நாங்கள் ஒன்பதரைக்கே போய் நின்றோம். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் இருவரும் வந்தனர். "நாளைக் காலை எங்கே, அப்பா?" என்று கேட்டான் மகன்.