இட ஒதுக்கீடு இனி எதற்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னும் படிப்பிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு எதற்கு?" இந்தக் கேள்வியை முதலாளிகளின் பத்திரிகைகள் கேட்டால் நமக்கு ஆச்சரியமில்லை. ஆனால் ஆலை வாசல் டீக்கடையிலும் இப்போது இதைக் கேட்கிறோம். நம்மோடு ஒரே ஷிப்டில் நிற்கும் தொழிலாளியே, "என் பையனுக்கு மார்க் இருந்தும் சீட் இல்லை, காலனிப் பையனுக்குக் கிடைத்துவிட்டது" என்று முணுமுணுக்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் நாம் மேலே போக முடியாது.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 100 இடங்களில் 69 ஒதுக்கீடு. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு, அவர்களில் முஸ்லிம்களையும் சேர்த்து, 30. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20. தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. முணுமுணுக்கும் தோழரின் பிள்ளை பெரும்பாலும் அந்த 50-க்குள்தான் மனுப் போடுகிறான்! தன் இலையில் விழுந்த சோற்றை மறந்து பக்கத்து இலையைப் பார்த்தால் எப்படி? தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்று வருஷத்துக்குப் பல லட்சம் வாங்கிக்கொண்டு சேர்க்கிறார்களே, அந்த இடத்தைப் பற்றி யாராவது முணுமுணுத்தது உண்டா? அங்கே தகுதி, திறமை என்ற பேச்சே எழுவதில்லை. ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையோ மற்றவர்கள் எழுதும் அதே பரீட்சையை எழுதி, அதே மார்க் வாங்கித்தான் டாக்டராக வெளியே வருகிறான்.

இந்த உரிமை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1921-ல் நீதிக் கட்சி சர்க்கார் முதல் வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. 1951-ல் அத்தகைய உத்தரவு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தமிழகம் கொதித்தது. அதே வருஷம் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது.

ஆலைத் தோழர்கள் இன்னொரு சரித்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பம்பாய் ஆலைகளில் தாழ்த்தப்பட்ட தொழிலாளி நூற்புப் பகுதியில் வேலை செய்யலாம். நெசவுப் பகுதிக்குள் கால் வைக்க முடியாது. காரணம் என்ன? நாடாவில் புதுத் தார் போடும்போது, நூல் முனையை வாயால் உறிஞ்சிக் கண் வழியே இழுக்க வேண்டும். ஒரு ஜாதிக்காரன் வாய் வைத்த நூலில் மற்றவன் வாய் வைப்பதா என்று தடை! கூலி அதிகம் கிடைத்ததோ நெசவில்தான். 1928-ம் வருஷப் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பகுதியைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே முதலாளி. அப்படியிருந்தும் எந்த மிஷினில் நிற்பது என்பதை ஜாதி தீர்மானித்தது.

"அதெல்லாம் பழங்கதை" என்பார்கள். சரி, புதுக்கதையைக் கேளுங்கள். கையால் மலம் அள்ளுவோராகக் கண்டறியப்பட்டவர்களில் 43,797 பேரின் ஜாதி விவரம் இருப்பதாக 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் சொன்னது. அவர்களில் 42,594 பேர் தாழ்த்தப்பட்டோர். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! இந்த ஒதுக்கீட்டை ரத்துச் செய்யக் கோரி எந்தக் கனவானும் கோர்ட் படி ஏறவில்லை. தனியார் கம்பெனிகளின் லட்சணத்தையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயரை மட்டும் மாற்றி மனுக்களை அனுப்பினார்கள். மேல்ஜாதிப் பெயருக்கு வந்த அளவுக்குத் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரவில்லை. 2007-ல் அந்த முடிவு வெளியாயிற்று.

நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒதுக்கீட்டுக்குள்ளேயே வசதி வந்தவன் பிள்ளை முந்திக்கொள்கிறான், குடிசையில் இருப்பவன் பின்தங்குகிறானே என்பது அது. இதற்கு மருந்து ஒதுக்கீட்டை ஒழிப்பதல்ல. அடியில் கிடப்பவனுக்குத் தனி வழி திறப்பதுதான். 2009-ல் அருந்ததியருக்கு 18-க்குள் 3 சதவீதம் தனியாக வந்தது. இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கியபோது, முதல் வருஷமே முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள்.

மத்திய சர்க்காரின் கணக்கோ விசித்திரமானது. வருஷம் 8 லட்சத்தைத் தாண்டினால் பிற்படுத்தப்பட்டவன் வசதி படைத்தவனாம், ஒதுக்கீடு கிடையாதாம். 2019-ல் கொண்டுவந்த 10 சதவீதத்தில், 8 லட்சத்துக்குக் கீழே இருக்கும் முற்பட்ட ஜாதியான் ஏழையாம். மாதம் அறுபதாயிரம் சம்பாதிப்பவன் அங்கே ஏழை! நாற்று நடும் தாழ்த்தப்பட்ட பெண்ணின் பிள்ளைக்கு அந்த ஏழைப் பட்டியலில் இடமில்லை.

தோழர்களே, இதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒதுக்கீட்டை நேராக ஒழிக்க எந்தச் சர்க்காருக்கும் தைரியமில்லை. ஆகவே, ஒதுக்கீடு உள்ள வேலையையே ஒழிக்கிறார்கள். 2022-ல் ஏர் இந்தியா டாடா கையில் போயிற்று. அங்கே ஒதுக்கீட்டுக் கட்டாயமும் அதோடு போயிற்று. நகராட்சியில் நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்குக் கான்ட்ராக்டரின் ஆள் வருகிறான். கான்ட்ராக்டர் எந்த இனச்சுழற்சிப் பதிவேட்டைப் பார்த்து ஆள் எடுக்கிறான்? 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. குப்பை அள்ளும் வேலையிலும்கூட, அது நிரந்தர சர்க்கார் வேலையாக இருந்தால் ஜாதிக்காரர்கள் வருவார்கள். தினக்கூலியானால் சேரிக்காரன்தான் வருவான். இதை நாமெல்லாம் கண்ணால் பார்க்கிறோம்.

ஆகையால் கான்ட்ராக்ட் முறையை எதிர்க்கும் சங்கப் போராட்டம் வேறு, ஒதுக்கீட்டுப் போராட்டம் வேறு என்று பிரிக்க முடியாது. நிரந்தர வேலை இருந்தால்தான் அதில் பங்கு கேட்க முடியும். தனியார் கம்பெனிகளிலும் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையும் இதிலிருந்தே பிறக்கிறது.

வந்திருக்கும் ஒவ்வொரு ஊர்த் தோழரும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நகராட்சிக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ, தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். நிரந்தரப் பணியிடம் எத்தனை, காலியாகக் கிடப்பது எத்தனை, அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இடம் எத்தனை, கான்ட்ராக்டில் வேலை செய்பவர் எத்தனை? இந்த நான்கு கேள்விகள் போதும். காலனித் தோழரும் ஊர்த் தோழரும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வருகிற பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.