தோட்ட வேலையில் மகிழ்ச்சியும் புது யோசனையும்

(போடிநாயக்கனூர்ப் பகுதி ஏல விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



ஏலத்திற்கு எரு, நிழல், மருந்து பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேலை செய்வோரின் மனத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

"வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்பது நம் எல்லோருடைய குறை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து அதிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலைக்குச் செல்லும் பெண்களே பெரும்பாலும் நம் காயைப் பறிக்கிறார்கள். ஏலச்சரம் தூரின் அடியிலிருந்து தரையருகே வளர்வது. எனவே நாள் முழுதும் ஈரத்தில் குனிந்திருக்க வேண்டும். அட்டைக் கடி வேறு. இந்த வேலை சலித்துவிட்டால் முதலில் நட்டப்படுவது நாம்தான்.

சலித்த கை என்ன செய்யும்?

ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. விதை கறுத்து, தோல் பச்சையாக இருக்கும் காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சலித்த கை பிஞ்சையும் சேர்த்துப் பறித்துவிடும். நன்கு முற்றிய பச்சைக்காய் சுமார் 5 கிலோவுக்கு 1 கிலோ உலர்காய் தேறும். பிஞ்சோ ஸ்டோரில் காய்ந்ததும் சுருங்கி, எடையும் விலையும் இழக்கும்.

பாட்டும் ஒரு கருவி

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணினார்கள். நடவுப் பாட்டு எல்லோர் கையையும் ஒன்றுபோல் நகர்த்தியது. பாட்டால் வேலை கெடும் என்று அதட்டுவது சரியல்ல.

கவனித்தவர் கண்டது

இன்று ஏலமலையில் பரவலாகக் காணும் 'ஞள்ளானி' ரகத்தை உருவாக்கியவர் இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தேனீயின் வேலையை ஆர்வத்தோடு கவனித்து, நல்ல செடிகளைத் தேர்ந்து, அவற்றில் சிறந்ததைப் பெருக்கினார். தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரைப் பாராட்டியது. அத்தகைய கண் உங்கள் தோட்டத்தில் காய் பறிப்பவரிடமும் இருக்கலாம். எந்தத் தூரில் சரம் நீளம், எதில் காய் பருமன் என்பதை நம்மைவிட அவரே நன்கு அறிவார். நாம்தான் கேட்பதில்லை.

செய்யக்கூடியவை

1. எடைக்கு மட்டும் பரிசு தராதீர்கள். அது பிஞ்சு பறிக்கத் தூண்டும். பிஞ்சு குறைவாகப் பறித்த குழுவுக்குப் பரிசு தாருங்கள்.

2. வேலையாட்கள் காட்டும் நல்ல தூருக்கு அவர்கள் பெயரையே சூட்டி, தனியே கவனித்து வாருங்கள்.

3. ஒரு வரிசையை அவர்கள் யோசனைப்படி சோதித்துப் பார்க்க விடுங்கள். பலன் தந்தால் எல்லோர் முன்னும் பாராட்டுங்கள்.

4. மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, சூடான தேநீர், சற்றுச் சிரித்துப் பேச நேரம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மருந்து அடிக்கும் வேளையில் மட்டும் விளையாட்டுக்கு இடமே கூடாது.

கடைசியாக ஒன்று. மகிழ்ச்சி கூலிக்கு ஈடாகாது. கூலியைக் குறைத்து, ஜீப்பில் அளவுக்கு மீறி ஆளை அடைத்து மலையேற்றிவிட்டு, "பாடிக்கொண்டே பறியுங்கள்" என்றால் யாருக்குப் பாட்டு வரும்? முதலில் நியாயமான கூலியும் பத்திரமான பயணமும் கொடுங்கள். பாட்டு தானே வரும். அடுத்த பறிப்புக்கும் அவர்கள் உங்கள் தோட்டத்தைத் தேடி வருவார்கள்.