தராசு சொல்லாத கணக்கு



கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ஆம் ஆண்டில். அங்கே கொழுந்து பறித்த கைகளில் தமிழ்ப் பாட்டாளிகளின் கைகள் ஏராளம். அவர்களுக்குத் தராசு புதிதல்ல. முற்றிய இலையைச் சேர்த்தால் கூடை கனக்கும், தேயிலையின் தரம் கெடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடிக் காய்ந்துதான் ஒரு கிலோ தூளாகிறது. தராசில் நிற்பது ஒன்று, கைக்கு வருவது வேறு.

இன்று அதே தோட்டத்து வீட்டில் பிள்ளை கணினி முன் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். "எந்நேரமும் சுடுறதும் சாகிறதும்தானா?" என்று தாய் அதட்டுகிறார். "இதுலயும் கணக்கு இருக்கும்மா" என்கிறான் பிள்ளை. அவன் சொல்வது சாக்குப்போக்கா, உண்மையா?

'கவுண்டர் ஸ்டிரைக்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 1999-இல் அறிமுகமாகி, 2023-இல் 'கவுண்டர் ஸ்டிரைக் 2' என்ற புதிய பதிப்பு கண்ட விளையாட்டு இது. இதில் ஒவ்வொரு வீரருக்கும் உயிர்ப்புள்ளி 100. ஏகே-47 துப்பாக்கியின் ஒரு குண்டு 36 புள்ளி சேதம் செய்யும். நிமிடத்திற்கு 600 குண்டுகள். எம்4ஏ4 துப்பாக்கிக்குச் சேதம் 33. நிமிடத்திற்கு 666 குண்டுகள். பெருக்கிப் பார்த்தால், ஒரு விநாடியில் ஏகே செய்யும் சேதம் 360, எம்4 செய்வது 366. அப்படியானால் எம்4 தானே சிறந்தது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! எதிரி கவச உடை அணிந்திருப்பான். கவசத்தைத் தாண்டி ஏகே குண்டின் 77.5 விழுக்காடு சேதம் உள்ளே போகும். எம்4 குண்டில் 70 விழுக்காடுதான். அருகில் நின்று மார்பில் சுட்டால் ஏகேவுக்கு நான்கு குண்டுகள் போதும், 0.3 விநாடியில் ஆட்டம் முடியும். எம்4க்கு ஐந்து குண்டுகள் வேண்டும், 0.36 விநாடி ஆகும். தலையில் பட்டால் சேதம் நான்கு மடங்கு. தலைக்கவசம் இருந்தாலும் ஏகே குண்டு 111 புள்ளியைப் பறித்துவிடும். எம்4 குண்டு பறிப்பது 92, எதிரி பிழைத்துக்கொள்வான்.

இதுவும் எல்லாக் குண்டும் குறி தவறாமல் பட்டால்தான். தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி மேல்நோக்கி உதைக்கும். தூரம் கூடினால் சேதம் குறையும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்குபவன் தோற்பான். அந்த எண் எந்த நிலையில் செல்லும் என்று கேட்பவனே வெல்வான்.

அதற்காகப் பாடப்புத்தகத்தை மூடிவைக்கலாம் என்பதல்ல பொருள். இவ்வரிசையின் 2012-ஆம் ஆண்டு விளையாட்டு அமெரிக்கத் தரமதிப்பில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு உரியது. வயதும் நேரமும் பெற்றோர் வகுக்க வேண்டிய வரம்புகள்.

ஆனால் கணினியை அணைக்குமுன் ஒரு தாளைக் கொடுத்து, "எந்தத் துப்பாக்கி சிறந்தது, ஏன்? எழுதிக்காட்டுப்பா" என்று கேட்கலாம். விழுக்காடும் பெருக்கலும் போட்டுக் காட்டினால், அவனுக்குள் ஒரு கணித மாணவன் இருக்கிறான்; அவனைப் பள்ளிப் பாடத்தின் பக்கம் திருப்புவது எளிது. காட்டத் தெரியாவிட்டால், விரல்தான் விளையாடியது, மூளை விளையாடவில்லை.

கூடையின் கனத்தைக் கண்டு ஏமாறாத தாய்க்கு இந்தக் கணக்கும் புரியாமல் போகாது.