வினை யாருடையது?

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

பல்லாண்டுகளுக்கு முன் ஒருநாள், வகுப்பில் திருநாவுக்கரசர் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். சமணர்கள் அவரை நீற்றறையில் அடைத்தது, நஞ்சூட்டியது, யானையை ஏவியது, கல்லோடு பிணைத்துக் கடலில் இட்டது எனப் பெரியபுராணம் கூறுபவற்றை வரிசையாகச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் நம் சமூகத்துப் பையன் ஒருவன் அமர்ந்திருந்தான். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடித்த பின் என்னிடம் வந்து, "ஐயா, இதெல்லாம் நம்ம ஆளுங்க செஞ்சதா?" என்று கேட்டான். "அப்படிச் செய்தவர்கள் உண்மைச் சமணர் அல்லர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த விடை போதாது என்பது அன்றே என் மனத்தில் உறுத்திற்று. ஒருவர் செய்யும் வன்செயலுக்கு அவருடைய சமயம் பொறுப்பாகுமா? அந்தப் பையனுக்கு நான் கடன்பட்ட விடையை இன்று உங்கள் முன் சொல்ல முயல்கிறேன்.

முதலில், நாம் துன்புற்ற கதையிலிருந்து தொடங்குவோம். செஞ்சித் திருநாதர்குன்றை அறியாதவர் நம்மில் இலர். 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கே உள்ளன. தன் உடலை வருத்தினாலும் பிறவுயிரை வருத்தாத அறம் தழைத்த அந்த மண்ணில்தான் நம் முன்னோரின் தலைகள் உருண்டன என்று வழிவழியாகக் கேட்டு வந்திருக்கிறோம். 1906ஆம் ஆண்டில் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரிலும் அந்தச் செவிவழி வரலாறு பதிவாகியிருக்கிறது. நிகழ்ந்த ஆண்டு 1478 என்பது வழக்கு.

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கர் உயர்குடியில் பெண்கொள்ள விரும்பி அந்தணரைக் கேட்டார். சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுப்போம் என்று அவர்கள் தட்டிக்கழித்தனர். நம்மவரோ மறுப்பை நேரே சொல்லாமல், இசைந்தவர்போல நாள் குறித்தனர். மணநாளில் நாயக்கர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. ஒரு பெட்டை நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. சினம் மூண்ட நாயக்கர் சமணரைக் கொல்ல ஆணையிட்டார். பலர் மாண்டனர், பலர் ஊரைவிட்டு ஓடினர், எஞ்சியோர் பூணூலை நீக்கி, நீறு பூசி உயிர் பிழைத்தனர். நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் அந்நாளின் தழும்பு.

இந்தக் கதையை நான் சிறுவயதில் கேட்டபோது, "அவர்கள் நம்மை அழித்தார்கள்" என்றே என் மனத்தில் பதிந்தது. 'அவர்கள்' யார்? கதையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அந்த வாளை எடுக்கச் செய்தது எந்தச் சாத்திரம்? எதுவுமில்லை. குலப்பெருமையும் அவமானமும் அதிகாரமும் ஒருங்கே கூடிய இடத்தில் கொலை நிகழ்ந்தது. கொலைக்கு நியாயம் இல்லவே இல்லை. அதன் பழி ஆணையிட்டவரையும் வெட்டியவரையும் சாரும். ஆயினும் ஒரு மனிதரை இழிவுசெய்ய நாயைக் கட்டிய செயலும் அகிம்சை அன்று. உயிரைப் போக்காவிடினும் உள்ளத்தைப் புண்படுத்துவது பாவ இம்சை என்று நம் ஆகமமே சொல்கிறது. கொன்றவரின் சமயத்தைக் குறைகூறும் நாம், நாயைக் கட்டியதைச் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிக்கிறோமே, அது தகுமா?

அக்கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. திண்டிவனத்தை அடுத்த வேலூரில் மறைவாக நம் நோன்பைக் கடைப்பிடித்த ஒருவர் பிடிபட்டார். நாயக்கருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவரைக் கொல்லாமல் விட்டார். பிழைத்தவர் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு, வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர் காங்கேய உடையாரோ உடையார்பாளையம் சென்று, சமணரல்லாத அவ்வூர்ப் பாளையக்காரரிடம் அடைக்கலம் கேட்டார். நட்பும் பாதுகாப்பும் நிலமும் கிடைத்தன. அந்தத் துணிவில் அவர் வீரசேனரை அழைத்து வந்து, ஊர் ஊராகச் சென்று நம் மக்களை மீண்டும் அருகனடிக்குக் கொணர்ந்தார். அதற்காகவே தாயனூர்க் குடும்பத்தாருக்கு முதல் தாம்பூலம் தரும் மரபு ஏற்பட்டது. நம்மைக் கொன்றவரும் வேற்றுச் சமயத்தவர். நமக்கு நிழல் தந்தவரும் வேற்றுச் சமயத்தவர். சமயம்தான் குற்றவாளி என்றால், உடையார்பாளையத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவ்வாறாயின் சமயத்தார்க்குப் பொறுப்பே இல்லையா? அப்படியும் எளிதில் கைகழுவ இயலாது. இங்கேதான் நம் அறம் நுட்பமான அளவுகோல் ஒன்றைத் தருகிறது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என வினை மூவழியில் வந்து சேரும். யசோதர காவியத்தை நினைவுகூருங்கள். தாய் சந்திரமதி தூண்ட, யசோதரன் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் தூண்டியவளும் செய்தவனும் பல பிறவிகள் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து அலைந்தனர். எண்ணமே வினையாயிற்று. அங்கே தண்டனை பெற்றவர் எண்ணியவரும் செய்தவருமே. அவர்தம் ஊரார் அல்லர், இனத்தார் அல்லர். வினை பிறப்பால் வருவதில்லை, உடன்பாட்டால் வருகிறது.

இந்த அளவுகோலை உலகம் மறந்த நாள்கள் பல. 1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் இந்து என்பதை உடனே அறிவிக்க ஆட்சியாளர் விரைந்தனர். வேற்றுச் சமயத்தார்மீது பழி விழுந்து குருதி பெருகக் கூடாதே என்னும் அச்சமே காரணம். அந்த விழிப்பு நன்று. ஆனால் கொலைகாரன் மராட்டிய அந்தணன் என்று தெரிந்ததும், மராட்டியப் பகுதிகளில் அந்தக் கொலையை அறியாத அந்தணர் வீடுகள் எரிந்தன. அகிம்சையைப் போதித்தவரின் பெயரால் இம்சை நடந்தது. தீ வைத்தவரும் தாம் நீதி செய்வதாகவே எண்ணியிருப்பர்.

ஆகவே, அன்பர்களே, நாவுக்கரசர் கதைக்கு இப்போது வருகிறேன். அது நிகழ்ந்ததா, புராணப் புனைவா என்று ஆராய்வோர் ஆராயட்டும். நிகழ்ந்ததாகவே கொண்டாலும், பழி நஞ்சூட்டியவரையும், அரசன் காதில் ஓதியவரையும், கண்டு மகிழ்ந்தவரையும் சாரும். கடைசி வரிசைச் சிறுவனைச் சாராது. அவர்கள் உண்மைச் சமணரே அல்லர் என்று தப்பித்துக்கொள்ளவும் வேண்டா. நம் பெயர் தாங்கியவரும் தவறக்கூடும் என்று ஒப்புவதால் அருகனறம் சிறுமையுறாது. மதுரைக் கழுவேற்றக் கதையைச் சொல்லி இன்றைய சைவ நண்பரைக் குற்றவாளி ஆக்குவதும் அதே பிழையே. நமக்கு வேண்டும் நீதியை நாம் பிறர்க்கும் அளிக்க வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் உரியது. எங்கோ ஒரு வன்செயல் நடந்ததும், "அவர்களுக்கு நன்றாக வேண்டும்" என்று கைப்பேசியில் வரும் செய்தியை நாம் மகிழ்ந்து பகிர்கிறோமா? அந்தக் கணமே உடன்படுதல் என்னும் மூன்றாம் வாயில் திறந்துவிடுகிறது. மாலையில் பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகும் நாம், நாவை வடிகட்ட மறக்கலாமா?

இன்றிரவு உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் செஞ்சிக் கதையைச் சொல்லுங்கள். வெட்டுண்ட தலைகளைச் சொல்லுங்கள். கட்டப்பட்ட நாயையும் மறைக்காதீர்கள். உடையார்பாளையத்தில் கிடைத்த நிழலைச் சொல்லாமல் மட்டும் கதையை முடிக்காதீர்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை எந்த வகுப்பிலும் தலைகுனிய வேண்டியதில்லை. மற்றொரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கவும் மாட்டான்.

 அருகனறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!