ஒப்பந்தம் காத்திருக்கட்டும்



பல்கலைக்கழக மட்டத்தில் பட்டங்களைக் குவிக்கும் நெடுந்தூர ஓட்ட வீராங்கனை ஒருவர், படிப்பு முடியுமுன்பே தொழில்முறை ஓட்டத்துக்குப் போகலாமா? வைத்தியர் என்ற முறையில், அவருடைய உடலை வைத்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013இல், 17 வயதில், பல்கலைக்கழகம் செல்லுமுன்பே தொழில்முறை ஓட்டத்தில் சேர்ந்தார். எடையைக் குறைக்கும்படி வற்புறுத்தப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019இல் பகிரங்கமாகக் கூறினார்.

பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாதபோது ஈஸ்திரோஜன் குறைகிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பு மெலிகிறது. எலும்பு முழு உறுதி பெறவேண்டிய வயதும் அதுதான். அப்போது இழந்ததைப் பிறகு முழுமையாக மீட்பது கடினம்.

பல்கலைக்கழகத்தில் இருப்பது மட்டும் காப்பாகிவிடாது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காக நான்கு தேசியப் பட்டங்கள் வென்ற மொலி சைடல், அங்கிருந்த காலத்திலேயே உணவுக் கோளாறால் வருந்தினார். 2016இல் ஒப்பந்த வாய்ப்புகளை ஒதுக்கிவைத்துச் சிகிச்சை பெற்றார். 2021இல் நடந்த ஒலிம்பிக் மரதனில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

ஆகவே, உங்கள் மகளோ பெறாமகளோ இப்படியொரு வாய்ப்போடு வந்தால், தொகையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? வயிறாரச் சாப்பிடுகிறாளா? பயிற்றுநருக்குக் கட்டுப்படாத வைத்தியர் ஒருவர் அவளுக்கு இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் மனமார அனுப்புங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், ஒப்பந்தம் காத்திருக்கட்டும்.